சீசனுக்கு வந்த மாப்பிள்ளைகள்

அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கண்டக்டரிடம் கேட்டீர்களே, அவருக்குத் தெரியாது, அக்கா. இந்த ரூட்டுக்குப் புதிது. என்னிடம் கேளுங்கள். காலையில் நான் கிளம்பும்போது நன்றாக விழுந்தது. இப்போது எப்படி என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பார்க்காததைச் சொல்லக் கூடாது இல்லையா? ஆனால் சாரல் விடவில்லை. விழும்.

எனக்கு அந்த ஊர்தான். கல்லாத்திப்புதூர். பிறந்தது, வளர்ந்தது எல்லாம். தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். முன்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் தம்பி குடும்பமா? நல்ல பிள்ளைகள். அருவியில் பிள்ளைகளை ஓரமாக நிற்க வையுங்கள், நடுவில் பாறை வழுக்கும். அருவிக்குப் போகிற வழியில் யானைப்பாறை என்று ஒரு போர்டு இருக்கும். அது யானை மாதிரி இருக்காது. நான் சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாள்கூட யானை தெரிந்ததில்லை. அப்புறம் ஜமீன் காலத்துக் குதிரைலாயம். நான்கு தூணும் ஒரு வேப்பமரமும். சாஸ்தா கோயில் மட்டும் நன்றாக இருக்கும். அவ்வளவுதான் எங்கள் ஊர். இந்த வரிசையில்தான் எல்லாரையும் கூட்டிப் போவோம். கோயில், லாயம், யானைப்பாறை, அருவி, அப்புறம் எங்கள் வீடு.

எங்கள் வீடா? ஆமாம். கடைசியாக எங்கள் வீடு. சிரிக்காதீர்கள், அக்கா. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பெண் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஆனி, ஆடியில்தான் வருவார்கள். மற்ற ஊரில் ஆடி மாதம் யாராவது பெண் பார்ப்பார்களா? இங்கே வருவார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். மாப்பிள்ளை, அப்பா, அம்மா வந்தால் போதுமே. வேன் பிடித்து வருவார்கள். சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு, பக்கத்து வீடு. மாப்பிள்ளை யார் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருப்பார்கள். ஒரு முறை நான் காபித் தட்டோடு வந்தபோது மாப்பிள்ளையே இல்லை. இன்னும் அருவியில் இருந்தார். ஆறிப்போகும் என்று அவருடைய காபியை அவருடைய மாமா குடித்துவிட்டார்.

அப்பா மரக்கடையில் சுமை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு அது பெரிய பெருமை. வருகிறவர்களிடம் என் பெயரைச் சொல்வதற்கு முன்னால், "பிள்ள கணக்குல பட்டம் வாங்கியிருக்கா" என்பார். அதைக் கேட்டு ஒரு பெரியவர் என்னைப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, குற்றாலத்தைவிட இங்கே கூட்டம் கம்மி என்று அப்பாவைப் பாராட்டினார்.

பொய் சொல்லக் கூடாது, அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். துண்டு கேட்பார்கள். அம்மா அதற்கென்றே துண்டு வாங்கி அடுக்கி வைத்திருந்தாள். நானும் என் தங்கை சண்முகக்கனியும் துவைத்துக் கொடியில் போடுவோம். "அக்காவ பாக்க வந்தாவளா, கொடிய பாக்க வந்தாவளா" என்று தங்கை சொல்லிச் சொல்லிப் பிழிவாள்.

சாப்பாடும் உண்டு. அதைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதுதானே எங்கும் வழக்கம். பஜ்ஜி, கேசரி, காபி. அதோடு எழுந்துவிட வேண்டும். சம்மதம் என்றால்தான் சோறு. எங்கள் ஊரிலும் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அருவியில் குளித்துவிட்டு வருகிறவனுக்குக் கேசரி எப்படிப் போதும்? பசி அப்படி இருக்கும். அதனால் எங்கள் ஊரில் அந்த வழக்கம் போய்விட்டது. வேன் வந்தால் உலை வைத்துவிடுவார்கள். நாட்டுக்கோழி கிடைக்குமா என்று தரகரிடம் முன்கூட்டியே கேட்டு அனுப்பிய வீடுகூட உண்டு. வயிறாரச் சாப்பிடுவார்கள். "கலந்து பேசிச் சொல்லி அனுப்புதோம்" என்பார்கள். வேன் போய்விடும். அவ்வளவுதான்.

போன ஆடியில் ஒரு வேன் வந்தது. அந்த மாப்பிள்ளையின் அத்தை எங்கள் வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஏட்டி, இந்த வீட்டுக்குத்தானே முந்தின வருசமும் வந்தோம்" என்றார். வேறு தரகர், வேறு ஜாதகம், அதே பெண். அவர்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். ஆனாலும் சமைத்துவிட்டோமே. உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் போனார்கள். பஜ்ஜியைச் சாப்பிட்டதும் மாப்பிள்ளைக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

அதே ஆடியில் கடைசியாக வந்த வேன்காரர்கள் மட்டும்தான் சொல்லி அனுப்பினார்கள். பெண் பிடித்திருக்கிறது, ஆனால் சின்னப் பெண்ணை என்று. தங்கையிடம் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டும். "மூத்தவள வச்சிக்கிட்டு எப்படிய்யா? வைகாசி வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள அவளுக்கு முடியலன்னா பாப்போம்" என்றார். அவர்களும் பொறுக்கிறோம் என்றார்கள். தங்கைக்கு முதலில் ஆகிவிட்டால் மூத்தவளுக்கு ஏதோ குறை என்று ஊர் முடிவு கட்டிவிடும். அதற்கப்புறம் வருகிறவர்கள் ரெண்டாம் தாரத்துக்குத்தான் வருவார்கள். இது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

அப்போதுதான் நான் ஒன்று யோசித்தேன். நிறைய யோசித்துத்தான் செய்தேன், அக்கா. நான் எதையும் யோசிக்காமல் செய்கிற ஆள் இல்லை. தரகர் ஐயம்பெருமாளிடம் நானே பேசினேன். இனி யாரையும் சீசனில் கூட்டி வர வேண்டாம், பங்குனியில் கூட்டி வாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பங்குனியில என்னம்மா இருக்கு உங்கூர்ல? பாறைதான் காயும். எவன் வருவான்?" என்றார். வருகிறவன் எனக்காக வருவான் என்றேன். அம்மா, இப்படிப் பேசினால் யார் கட்டுவார்கள் என்று ரெண்டு நாள் புலம்பினாள். ஆனால் கணக்கு சரியாகத்தானே இருந்தது? தண்ணீர் இருக்கும்போது வருகிறவன் எதற்கு வருகிறான் என்று கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் இல்லாதபோது வந்தால் காரணம் ஒன்றுதான்.

வந்தார்கள். ஒரே ஒரு வீடு. வேன் இல்லை, பஸ்ஸில். அவரும் அவருடைய அம்மாவும் மட்டும். இதே பஸ்ஸாகக்கூட இருக்கலாம். அவர் பெயர் மாசானமுத்து. விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கோவில்பட்டியில் பார்சல் ஆபீஸில் வேலை. அப்பா இல்லை.

உங்களுக்கும் அந்தப் பக்கமா? பையைப் பார்த்தபோதே நினைத்தேன். அப்படியென்றால் அந்த வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் கிளம்பி, மூன்று பஸ் மாறி, தண்ணீர் இல்லாத அருவி ஊருக்கு வந்தார்கள். அந்த அம்மாவின் சேலையெல்லாம் புழுதி. வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பஸ்ஸுல வேலைக்குப் போறியா தாயி? உக்கார எடம் கெடைக்குமா?" என்று கேட்டார். வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. அத்தை என்று கூப்பிடு என்று அம்மா உள்ளே வைத்து என்னிடம் கிசுகிசுத்தாள். இன்னும் எதுவும் முடிவாகாதபோது எப்படி அப்படிக் கூப்பிடுவது? நான் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். அது சரிதானே?

வந்தவர்களை ஊர் காட்டுவது அப்பாவுக்குப் பழக்கமாகிவிட்டது. வெயிலென்றும் பார்க்காமல் கிளம்பிவிட்டார். அந்த அம்மா நடக்க முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அப்பா, அவர், பின்னால் நானும் தங்கையும். கோயில் பூட்டியிருந்தது. லாயத்தில் ஆடு படுத்திருந்தது. யானைப்பாறையைக் காட்டி, இது யானை மாதிரி இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, படுத்திருக்கிற எருமை மாதிரி இருக்கிறது என்றார். உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது, அக்கா. இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

அருவியில் ஒன்றுமே இல்லை. கறுப்பாக ஒரு கோடு, பாறையில் தண்ணீர் வந்து போகிற தடம். அதைத்தான் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பீடி பற்றவைக்கத் தள்ளிப் போனார். தங்கை வேண்டுமென்றே பின்தங்கிவிட்டாள். அப்போது அவர் என்னிடம் கேட்டார்.

"சீசன்ல வரக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே. தரகர் சொன்னாரு. ஏன்?"

நான் உண்மையைச் சொன்னேன். "தண்ணிக்காக வர்றவங்கள வடிகட்டத்தான்."

அவர் சிரித்தார். சத்தம் போட்டு இல்லை. "அப்ப நான் பாஸா?"

நான் என்ன சொல்வது? அங்கே நின்று அவசரப்பட்டு ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றக் கூடாது இல்லையா? "இப்பவே சொல்ல முடியாது" என்றேன். அவர் சரி என்று தலையசைத்தார். திரும்பி வரும்போது என் வேலையைப் பற்றிக் கேட்டார். எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன், சம்பளம் குறைவு, வேலை நிரந்தரம் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். கல்லூரியில் ஒரு பேப்பர் ரெண்டாம் தடவைதான் பாஸானேன் என்பதையும், பனிக் காலத்தில் எனக்கு மூச்சிழைக்கும் என்பதையும் சொன்னேன். அம்மா சொல்லக் கூடாது என்று சொன்னவைதான். ஆனால் பிறகு தெரிந்தால்? அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர்கள் ஊரில் பனி கிடையாது, புழுதிதான், அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். தெரியாது, இருந்து பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா வழக்கம்போல் சமைத்து இலை போட்டுவிட்டாள். சாம்பார், அவியல், ரசம். அந்த அம்மா இலையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் லேசாகத் தலையசைத்தார். அந்த அம்மா கை கழுவ முற்றத்துக்குப் போகவில்லை, இலையில் உட்காரவும் இல்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, என்னை.

"நீ சொல்லு தாயி. நாங்க கை நனைச்சிரலாமா?"

பாவம், அவர்களுக்குக் கூச்சம் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டால் கட்டாயமாகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். அவ்வளவு தூரம் வந்த மனுஷியைப் பசியோடு அனுப்புவதா? அதனால் தெளிவாகவே சொன்னேன். "தாராளமா சாப்பிடுங்கம்மா. இங்க வர்ற எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போவாங்க. அதுல ஒண்ணும் இல்ல. அதுக்கும் சம்மதத்துக்கும் சம்பந்தமே கிடையாது."

அப்பாவும் சிரித்துக்கொண்டு, "ஆமாம்மா, எத்தன வேன் வந்து சாப்பிட்டுப் போயிருக்கு இந்த வீட்டுல. சும்மா உக்காருங்க" என்றார்.

அந்த அம்மா உட்கார்ந்தார். சோற்றைக் கொஞ்சம் மோர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டார். அவியலைத் தொடவில்லை. மகன் பசியில்லை என்று ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்தார். மற்றவர்கள் எல்லாம் ரெண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். இவர்கள் இப்படி. ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று அம்மா இன்னும் சொல்கிறாள். நான் ருசி பார்த்தேன், உப்பு சரியாகத்தான் இருந்தது.

பஸ் ஏற்றிவிட நானும் அப்பாவும் போனோம். அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "நல்லாப் படிச்ச பிள்ள. நல்லா இரு" என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் காத்திருந்தேன். பொய் சொல்லவில்லை, அக்கா, மற்றவர்களுக்கு நான் காத்திருந்ததே கிடையாது. இவருக்குக் காத்திருந்தேன். வகுப்பில் போர்டில் கணக்கு போட்டுக்கொண்டிருப்பேன், பாதியில் நின்றுவிடும். பிள்ளைகள் சொல்லித்தான் அடுத்த வரி எழுதுவேன். கோவில்பட்டி என்று போர்டு போட்ட பஸ் பள்ளிக்கூட வாசலில் போனால், ஒரு காரணமும் இல்லாமல் எட்டிப் பார்ப்பேன். அது வெறும் பஸ்தானே.

சித்திரையில் தரகர் வந்தார். அது ஒத்துவராது என்றார். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "பொண்ணுக்கு இஷ்டம் இல்ல போலன்னு சொல்லுதாவ" என்றார்.

எனக்கு இஷ்டம் இல்லையாம். பாருங்கள், அக்கா. எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? என்னிடம் யார் கேட்டார்கள்? உனக்கு இஷ்டமா என்று அந்த வீட்டில் ஒருவராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. என்னிடம் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவேன், மறைக்கவே வராது எனக்கு. கேட்காமலேயே இஷ்டம் இல்லை என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். சாக்கு. எல்லாருக்கும் ஒரு சாக்கு இருக்கிறது. மற்றவர்கள் ஜாதகம் என்பார்கள், இவர்கள் இஷ்டம் என்றார்கள். தண்ணீர் இருந்திருந்தால் குளித்துவிட்டு நன்றாகவே சாப்பிட்டிருப்பார்கள். என் கணக்குதான் தப்பு. தண்ணீருக்காக வருகிறவனும் போகிறான், தண்ணீர் இல்லாதபோது வருகிறவனும் போகிறான். அப்புறம் எதற்கு வெயிலில் அலைய வைத்தேன்?

அப்பா ஒரு தடவை நேரில் போய்க் கேட்டு வரவா என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். வேண்டாதவர்கள் வீட்டில் போய் நிற்பது எப்படி? வைகாசியில் அவருக்கு முடிந்துவிட்டது. கழுகுமலைப் பெண்ணாம். தரகர் சொன்னார். நல்லபடியாக இருக்கட்டும்.

தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். இதோ, மடியில் இருப்பது அவளுடைய ஜாக்கெட்தான், தைக்கக் கொடுத்திருந்தோம். இந்தச் சீசனுக்கு எங்கள் வீட்டுக்கு வேன் எதுவும் வரவில்லை. வராது. துண்டுகளை அம்மா கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டாள். நான் பள்ளிக்கூடம் போகிறேன், வருகிறேன். தங்கை நேற்று ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதாள். நான் எதற்கு அழுகிறாய் என்றேன்.

என்ன, அக்கா? ஏன் ஒன்றும் பேசாமல் வருகிறீர்கள்? உங்களைப் போரடித்துவிட்டேனா?

திருப்பிச் சொல்லணுமா? எதை? அந்த அம்மா கேட்டதையா? சொன்னேனே. நீ சொல்லு தாயி, நாங்கள் கை நனைத்துவிடலாமா என்று. ஆமாம், என்னைப் பார்த்துத்தான். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு.

இல்லை, அக்கா. சாப்பிடலாமா என்றுதான் கேட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவார்கள்.

உங்கள் பக்கம் அப்படியா?

சம்மதமா என்று பெண்ணிடமேவா அப்படிக் கேட்பார்கள்?

இல்லை. உங்கள் ஊரில் அப்படி இருக்கலாம். அவர்கள் ஊர் விளாத்திகுளத்திலிருந்து இன்னும் உள்ளே. அப்படி இருந்தால் தரகர் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியாத வழக்கமா? இல்லை, அவர் சங்கரன்கோவில்காரர். அவர் அந்தப் பக்கத்து வரன் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் நான் மரியாதையாகத்தானே சொன்னேன்? அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதானே சொன்னேன்? அந்த அம்மாவுக்கு அது புரிந்திருக்கும். வயதானவர். புரியாமலா இருக்கும்?

உங்கள் தம்பி எழுந்துவிட்டார். இதுதான் அருவி ஸ்டாப். பையை எடுத்துக்கொள்ளுங்கள், நான் பிடிக்கிறேன். படியில் ஈரம், பார்த்து. ஒரு நிமிடம், அக்கா. கண்டக்டர் நிற்பார், பிள்ளைகள் இறங்கட்டும். இதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தானா? சும்மா பசிக்காக, சாப்பிடலாமா என்று கேட்கிறவர்கள் ஒரு வீட்டில்கூட இருக்க மாட்டார்களா?